தென்னையில் அடித்த ஆணி, வேம்பில் கட்டிய கம்பி

தோப்புவாசல்:
வணக்கம். ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு. தேங்காய்த் திருட்டு அதிகமாகிவிட்டது என்று போன மாதம் நாலு மரத்தில் கேமரா மாட்டினோம். மாட்ட வந்த பையன் மரத்துக்கு ஆறு என்று நாலங்குல ஆணியாக இறக்கிவிட்டுப் போய்விட்டான். நான் ஊரில் இல்லை. அப்பா பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "வேம்பில் அடித்திருந்தால்கூட விட்டிருப்பேன், தென்னையில் போய் அடிப்பானா" என்றார். அதில்தான் எனக்குச் சந்தேகம். எல்லாம் மரம்தானே?

கிணற்றோரத் தென்னையில் தாத்தா காலத்தில் ஏறுவதற்காக வெட்டிய படி இருக்கிறது. நாற்பது வருடமாவது ஆகியிருக்கும். வெட்டியது வெட்டியபடி நிற்கிறது, ஒரு நூல்கூட மூடவில்லை. வாசல் வேம்பில் நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அடித்த ஆணியை இப்போது தேடினாலும் காணோம். ஏன் இப்படி? அப்புறம் அந்தப் படியை சிமெண்ட் வைத்து அடைக்கலாமா?

நம்பாதவன்:
அண்ணா, ரொம்ப யோசிக்காதீங்க. எங்கள் ஊர்க் கோயில் தென்னையில் வருடா வருடம் டியூப்லைட், மைக், தோரணம் எல்லாம் ஆணி அடித்துத்தான் கட்டுகிறார்கள். அது பாட்டுக்குக் காய்க்கிறது. ஆணி என்ன செய்துவிடும்?

சீவல்:
நம்பாதவன் சொல்வது பாதி சரி. ஆணி அடித்ததும் தென்னை செத்துவிடாது. ஆனால் அப்பா கோபப்பட்டது முழுக்கச் சரி. முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரத்தின் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே ஈரமாக, வழுவழுப்பாக ஒரு இடம் வருமே, பட்டையும் கட்டையும் பிரிகிற இடம், அங்கேதான் கேம்பியம் இருக்கிறது. சில செல்கள் தடிமனே உள்ள ஒரு உறை அது, மரத்தைச் சுற்றிலும் போர்த்தியிருக்கும். உள்பக்கம் சைலத்தைப் போடும், வெளிப்பக்கம் புளோயத்தைப் போடும். சைலம் வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகிறது, புளோயம் இலையில் தயாரான சர்க்கரையை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. கேம்பியம் சாகும்வரை சும்மா இருக்காது. அதனால்தான் வேம்பு வருடா வருடம் பருக்கிறது. நீங்கள் ஆணி அடித்தால் காயத்தின் ஓரத்தில் உள்ள உயிருள்ள செல்கள் பெருகி ஒரு வீக்கம் மாதிரி உருண்டு வந்து மூடும், அதற்கு மேல் புதுக் கட்டை ஏறும். உங்கள் பள்ளிக்கூட ஆணி எங்கேயும் போகவில்லை. அதே உயரத்தில் உள்ளே புதைந்து கிடக்கிறது. (மரம் வளர வளர ஆணி மேலே போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. உயரம் கூடுவது நுனியில் மட்டும்தான்.)

தென்னையில் இந்தக் கேம்பியமே கிடையாது. உள்ளே ஆயிரக்கணக்கில் வாஸ்குலார் கற்றைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சைலம், கொஞ்சம் புளோயம், சுற்றி நார் உறை. வேம்பில் வளையமாக அடுக்கியது போல் இல்லாமல் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். எல்லாம் உச்சியில், குருத்துக்குக் கீழே, ஒரே ஒரு தடவை உருவானவை. கன்றாக இருக்கும் சில வருடங்கள் தண்டு உயராமல் தரையோடு தரையாகப் பருத்துக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். முழுச் சுற்றளவும் வந்த பிறகுதான் மேலே கிளம்பும். கிளம்பிய பிறகு புதிதாக ஒரு அடுக்குக்கூட ஏறாது. மேலே போட ஆளில்லை என்றால் காயத்தை எப்படி மூடும்? தாத்தா வெட்டிய படி தாத்தா வெட்டியபடியே இருக்கும்.

நம்பாதவன்:
ஐயா, ஒரு கேள்வி. தென்னை அடியில் பெருத்தும் மேலே ஒடுங்கியும் இருக்கிறதே. கீழே வயதான பகுதி, அதனால் பருத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்போது பருக்கிறது என்றுதானே ஆகிறது?

சீவல்:
நல்ல கேள்வி, ஆனால் விடை வேறு. அடிப் பெருக்கம் கன்றுப் பருவத்திலேயே வந்தது. சில பனை வகைகளில் பழைய செல்களே உப்பிப் பெரிதாகிக் கொஞ்சம் தடிமன் கூடுவதும் உண்டு. அது ஊதிய பலூன், புதிதாகக் கட்டிய சுவர் அல்ல.

உங்கள் தோப்பில் ஒன்றைக் கவனியுங்கள். சில மரங்களில் நடு உயரத்தில் ஒரு இடம் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி, மறுபடி அதற்கு மேல் பருத்திருக்கும். உச்சி அந்த உயரத்தில் இருந்த காலத்தில் தண்ணீரோ உரமோ கிடைக்காமல் மரம் பட்டினி கிடந்திருக்கிறது. பிறகு எத்தனை மூட்டை உரம் போட்டாலும் அந்த இடுப்பு நிரம்பாது. வேம்பு பழைய பஞ்சத்தை உள்ளே மறைத்துக்கொள்ளும், தென்னையால் முடியாது.

மயில்துத்தம்:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம் அண்ணா. காய்ந்ததும் ஓரத்தில் இடைவெளி விடும், மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே நிற்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் மாமா தோப்பில் அப்படி அடைத்த மரத்தை வெட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு கூடை மக்கல்.

படி பழசு, காய்ந்து கிடக்கிறது என்றால் தொடாதீர்கள். எங்கேயாவது துருப்பிடித்த நிறத்தில் சாறு வடிந்த தடம் இருந்தால் அது சாறு வடிதல் நோய், பூஞ்சணத்தால் வருவது. கெட்டுப்போன பகுதியை உளியால் நல்ல பகுதி வரும்வரை செதுக்கி எடுத்துவிட்டு போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் (என் பெயர் இல்லை, காப்பர் சல்ஃபேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். தண்ணீரைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டையும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை, இரும்புப் பாத்திரம் கூடாது. அப்புறம் கலந்துவிட்டு, துருப்பிடிக்காமல் பளபளவென்று இருக்கும் கத்தி ஒன்றை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு மாதிரி சிவப்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பச்சைக் காயத்தின் வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். ஆணி மரத்தைக் கொல்லாது, ஆனால் கூன்வண்டுக்குக் கதவைத் திறந்துவிடும்.

லெவன்த்_பி:
ஐயா வணக்கம், நான் பதினொன்றாம் வகுப்பு. இதே பாடம்தான் இப்போது ஓடுகிறது. ஒருவிதையிலைத் தாவரத் தண்டில் கற்றைகள் "மூடியவை", இருவிதையிலையில் "திறந்தவை" என்று மனப்பாடம் செய்தேன். எது மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று இதுவரை புரியவில்லை. இந்தத் தென்னைதான் அந்த மூடியதா?

சீவல்:
அதேதான் தம்பி. சைலத்துக்கும் புளோயத்துக்கும் நடுவில் கேம்பியம் இருந்தால் இனிமேலும் சேர்க்க இடம் இருக்கிறது, திறந்த கற்றை. இல்லையென்றால் கணக்கு முடிந்தது, மூடிய கற்றை. இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது, ஏன் பாடநூலில் சொல்வதில்லை என்று எனக்கும் பல வருடக் குறை.

செய்முறைக்கு மக்காச்சோளத் தண்டு வைப்பார்கள். புது பிளேடு வாங்கு, பிளேடையும் தண்டையும் நனைத்துக்கொள், உன் பக்கமாக ஒரே இழுப்பில் சீவு. ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்காதே. இருபது சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டால் ஒன்றிரண்டுதான் கண்ணாடி போல் மிதக்கும், அதை எடு. முழு வட்டம் வேண்டும் என்று பேராசைப்படாதே, ஒரு ஓரத் துணுக்கு போதும். சாஃப்ரனின் என்ற சாயம் போட்டால், லிக்னின் என்ற கெட்டிப்பொருள் ஏறிய சைலமும் நார் உறையும் சிவக்கும். அப்புறம் ஒரே ஒரு கற்றையைப் பெரிதாக்கிப் பார். இரண்டு பெரிய சைலக்குழாய்கள் கண்களாகவும், கீழே ஒரு காற்றுக்குழி வாயாகவும், புளோயம் நெற்றியாகவும் குரங்கு முகம் ஒன்று உன்னைப் பார்க்கும். ஒரு தரம் பார்த்துவிட்டால் பரீட்சையில் மறக்காது.

வடமராட்சி:
வணக்கம் ஐயா. நாங்கள் இலங்கையில் படித்தது வேறு சொற்களில். திசு என்பது எங்களுக்கு இழையம், செல் என்பது கலம், கேம்பியம் மாறிழையம், புளோயம் உரியம், சைலம் காழ். உங்கள் பதிவை மனதுக்குள் மொழிபெயர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. மாறிழையம் இல்லை, அதனால் காயம் ஆறாது, சரிதானே?

இது எங்கள் பக்கத்துக்குப் புதிய செய்தி இல்லை. போர் முடிந்த பிறகு முகமாலை, பளைப் பக்கம் வந்தவர்கள் கண்டிருப்பீர்கள், ஷெல் தலையைக் கொண்டுபோன தென்னையும் பனையும் வெறும் கம்பமாய் வரிசையாக நின்றன. குருத்துப் போனால் அவ்வளவுதான், பக்கத்தில் கிளைத்துத் தப்புவதற்கு வேறு மொட்டு இல்லை. ஆனால் உடம்பில் மட்டும் சிதறல் பட்டவை தப்பின. எங்கள் வளவுப் பனை ஒன்றில் ஒரு விரல் போகிற ஓட்டை இருக்கிறது. அம்மம்மா அதில் துணி அடைத்து வைத்திருந்தா, பாம்பு புகுந்துவிடும் என்று. இன்றைக்கும் அதே அளவு. மரம் ஒவ்வொரு வருடமும் நுங்கு தருகிறது.

சீவல்:
வடமராட்சி, "காழ்" என்ற சொல்லை நீங்கள் எடுத்ததற்கு நன்றி. நாங்கள் சைலம் என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க, நீங்கள் பழைய சொல்லையே பாடப் புத்தகத்தில் வைத்திருக்கிறீர்கள். தொல்காப்பிய மரபியலில் நாம் இங்கே பேசுகிற முழு விஷயமும் இரண்டு அடியில் இருக்கிறது. காழ் என்றால் வைரம், கெட்டி. வெளிப்பக்கம் காழ் உள்ளதைப் புல் என்றும், உள்பக்கம் காழ் உள்ளதை மரம் என்றும் சொல்கிறார். புறக்காழ், அகக்காழ். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். தோப்புவாசலின் கேள்வி "எல்லாம் மரம்தானே?" என்பதுதானே. தொல்காப்பியர் இல்லை என்கிறார்.

பனங்கை போட்ட ஓட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு இது கையில் தெரிந்த செய்தி. பனையைப் பிளந்து நடுவில் உள்ள சோற்றை நீக்கிவிட்டு வெளிக் கறுப்பு வைரத்தை மட்டும்தான் சட்டமாக எடுப்பார்கள். தென்னையும் அப்படியே. நல்ல முதிர்ந்த மரத்தின் வெளி வளையம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும், நடுப்பகுதி 400 கூடத் தேறாது. கருவேலத்திலும் தேக்கிலும் தலைகீழ். வெளியே வெளிறிய சாற்றுக்கட்டை, தண்ணீர் போவது அதில். உள்ளே வேலையை முடித்துவிட்ட பழைய சைலம், பிசினும் சாயமும் ஏறி வைரக்கட்டையாகிக் கிடக்கும்.

ஒரு சுவாரசியம் கேளுங்கள். 1798இல் பிரான்சில் டெஃபோன்டேன் என்ற தாவரவியலாளர் பனையில் வெளியே கெட்டி, உள்ளே மென்மை என்று பார்த்துவிட்டு, சரி, அப்படியென்றால் புதுத் திசு நடுவில் உருவாகிப் பழையதை வெளியே தள்ளுகிறது என்று முடிவு கட்டினார். ஒருவிதையிலைகளுக்கு "உள்வளரிகள்" என்ற பொருளில் பெயரே வைத்துவிட்டார்கள். அது தப்பு என்று பனைத் தண்டுகளைச் சீவிப் பார்த்து 1831இல் காட்டியவர் ஜெர்மனிக்காரர் ஹ்யூகோ ஃபான் மோல். ஒவ்வொரு கற்றையும் இலையிலிருந்து நடுவை நோக்கி வளைந்து இறங்கி, மறுபடி மெல்ல வெளிப்பக்கம் திரும்புகிறது என்று கண்டார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்ன தொல்காப்பியர் தப்பித்தார், அதற்குமேல் ஒரு அடி ஊகித்த டெஃபோன்டேன் மாட்டிக்கொண்டார்.

1960களில் சிம்மர்மான், டாம்லின்சன் என்று இரண்டு பேர் இன்னும் ஒரு படி போனார்கள். தொட்டியில் வளர்ப்போமே, ரேபிஸ் என்ற குட்டிப் பனை, அதன் தண்டை அடியிலிருந்து வரிசையாகச் சீவிச் சீவி ஒவ்வொரு சீவலையும் சினிமா கேமராவில் ஒரு ஃப்ரேமாக எடுத்து ஓட்டினார்கள். திரையில் கற்றைகள் ஊர்ந்து நடுவுக்குப் போவதும் வெளியே வருவதும் பிரிவதும் படமாகவே தெரிந்தது. இலைக்குப் பிரிகிற கற்றை, மேலே தொடர ஒரு கிளையை விட்டுவிட்டுத்தான் போகிறது. தண்டு முழுவதும் இப்படிப் பின்னிக் கிடப்பதால்தான் ஒரு பக்கம் படி வெட்டினாலும், ஷெல் ஓட்டை போட்டாலும், தண்ணீர் சுற்றுவழியில் போய்விடுகிறது. நம்பாதவனின் கோயில் தென்னை காய்ப்பதும் அதனால்தான்.

அடுப்படி:
இவ்வளவு நேரம் ஓரமாக நின்று படித்தேன். வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கிறோமே நார், அது எது? வில்லை வில்லையாக வெட்டினால் இரண்டு வில்லைக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி இழுபடும். கத்தியால் வெட்டினாலும் அறுபடாமல் நீளும். அப்புறம் பீட்ரூட்டில் வளையம் வளையமாக இருப்பது அதன் வயதா என்று என் மகள் கேட்டாள், நான் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

சீவல்:
அக்கா, நீங்கள் விரலில் சுற்றுவது சைலக்குழாயின் உள்சுருள். இளம் சைலக்குழாய் நீளும்போது நசுங்காமல் இருக்கச் சுவரில் ஸ்பிரிங் போலச் சுருள் தடிப்பு இருக்கும். வில்லையைப் பிரிக்கும்போது சுவர் கிழிந்துவிடும், ஸ்பிரிங் மட்டும் நீண்டு வரும். தாமரைத் தண்டை ஒடித்தால் வரும் நூலும் இதே சாமான்தான். வாழைநார் என்று பூக்கட்டுவது வேறு, அது மட்டையில் இருக்கும் நார்த்திசு. வாழை "மரம்" என்பதே சுருட்டிய மட்டைகளின் அடுக்கு என்பதும், நீங்கள் சமைப்பது அதன் நடுவே பூவைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் தண்டு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பீட்ரூட் வளையம் வயது இல்லை. மகளிடம் மாற்றிச் சொல்லிவிடுங்கள். கிழங்கு சில மாதப் பயிர், வயதுக்கு எங்கே போக? அதில் ஒரு கேம்பியத்துக்கு வெளியே இன்னொன்று, அதற்கு வெளியே இன்னொன்று என்று பல கேம்பியங்கள் சின்ன வயதிலேயே தோன்றிவிடும். தோப்புவாசலின் தென்னைக்கு ஒன்றுகூட இல்லை, பீட்ரூட்டுக்கு எட்டு பத்து. கேரட்டையும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், நடுத்தண்டு வெளிறி, சில சமயம் தனியாகக் கழன்றே வரும். அது சைலம். இனிப்பான வெளிப்பகுதி பெரும்பாலும் புளோயம். கழன்று வரும் அந்த எல்லைதான் கேம்பியம்.

மயில்துத்தம்:
ஐயா, ஒன்று கேட்க விட்டுப்போனது. நர்சரியில் "ஒட்டுத் தென்னை" என்று விற்கிறான். மாவுக்கு ஒட்டுக் கட்டுவது போல இதற்கும் கட்டுகிறார்களா? கேம்பியமே இல்லை என்கிறீர்களே.

சீவல்:
இது தமிழ் செய்த குழப்பம். மா ஒட்டில் தாய்க்கட்டையின் கேம்பியமும் மேல்குச்சியின் கேம்பியமும் தொட வேண்டும், தொட்டால்தான் இரண்டும் சேர்ந்து புது சைலம், புது புளோயம் போடும். தென்னையில் தொடுவதற்கே ஒன்றும் இல்லை. அந்த "ஒட்டு" வீரிய ஒட்டு, அதாவது நெட்டை மரத்துக்கும் குட்டை மரத்துக்கும் மகரந்தம் மாற்றிக் கலந்தது. 1930களில் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரத்தில் தொடங்கியது அது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துவிட்டோம். "வேர் ஒன்று, தலை வேறு" என்று யாராவது தென்னங்கன்று விற்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

நம்பாதவன்:
சரி, ஆணி விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் கேமராவை எங்கேயாவது மாட்டித்தானே ஆக வேண்டும். கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால் மரம் நெரிபடாதா? எங்கள் வீட்டு முருங்கை கொடிக்கம்பி கட்டியே ஒடிந்தது.

சீவல்:
இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். முருங்கை, வேம்பு, மா இவற்றில் கம்பி கட்டினால் மரம் பருக்கும், கம்பி பருக்காது. உணவு கொண்டுபோகும் புளோயம் பட்டைக்குள்தான் இருக்கிறது, கம்பி அதை நெரிக்கும். சர்க்கரை கீழே இறங்க முடியாமல் கம்பிக்கு மேல் பக்கம் வீங்கும். பட்டையை வளையமாக உரித்துவிட்டு இந்த வீக்கத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தவர் இத்தாலியின் மல்பீகி. கொய்யாவில் கிளையிலேயே பட்டையை உரித்து வேர்விட வைக்கும் விண்பதியம் போடும்போது வேர் அந்த மேல் உதட்டில்தான் வருகிறது, காரணம் இதுதான். சில மரம் கம்பியை விழுங்கி, இரண்டு பக்கப் பட்டையும் ஒட்டிப் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காமல் வேர் பட்டினியாகிப் போவதும் உண்டு.

தென்னைக்கு நேர் மாறு. இனிப் பருக்கப் போவதில்லை, புளோயம் வெளியே பட்டையில் இல்லாமல் தண்டு முழுக்கப் பரவியிருக்கிறது. சுற்றிக் கட்டினால் ஒன்றும் ஆகாது. எலி ஏறாமல் இருக்கத் தகடு சுற்றுகிறார்களே, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது, எந்த மரமாவது நெரிந்ததா? ஆக வேம்புக்கு ஆணி அடிக்கலாம், கட்டக் கூடாது. தென்னைக்குக் கட்டலாம், அடிக்கக் கூடாது. நாம் ஊரெல்லாம் செய்வது நேர் எதிர்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். புளோயத்தில் சர்க்கரையைக் கொண்டுபோகும் சல்லடைக்குழாய்ச் செல் முதிரும்போது தன் நியூக்ளியஸை இழந்துவிடும், பக்கத்தில் உள்ள துணைச்செல்தான் அதை நடத்துகிறது. வேம்பில் அது சில காலம் உழைத்துவிட்டு ஓயும், புதிது வரும். தென்னையில் மாற்று வராது. உங்கள் கிணற்றோர மரத்தின் அடியில் தாத்தா காலத்தில் உருவான அதே சல்லடைக்குழாய்கள்தான் நியூக்ளியஸ் இல்லாமலே இன்றைக்கும் சர்க்கரையை வேருக்கு இறக்குகின்றன.

லெவன்த்_பி:
ஐயா, "எல்லா ஒருவிதையிலைத் தாவரங்களிலும் இரண்டாம் நிலை வளர்ச்சி (தண்டு பருப்பது) இல்லை" என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?

சீவல்:
மதிப்பெண் உண்டு, உண்மை கொஞ்சம் குறைவு. ட்ரசீனா, யூக்கா மாதிரி சில ஒருவிதையிலைகள் தங்களுக்கென்று வேறு மாதிரி ஒரு ஆக்குத்திசு (புதுச் செல் போடும் திசு) வைத்துக்கொண்டு பருக்கின்றன. "பெரும்பாலான" என்று எழுது, திருத்துபவர் நல்லவராக இருந்தால் சிரிப்பார்.

தோப்புவாசல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதே வேலை. இறுக்கமாக நின்ற ஆணிகளை ஆட்டாமல் தலையை மட்டும் வெட்டிவிட்டோம். ஆடிய மூன்றைப் பிடுங்கி ஓட்டையில் பசை வைத்தாயிற்று. கத்தி முதல் தடவை சிவந்தது, மயில்துத்தம் சொன்னபடி சுண்ணாம்பு சேர்த்ததும் தெளிந்தது. கேமரா நாலும் இப்போது அகல நைலான் பட்டையில் நிற்கின்றன. கிணற்றோரப் படியைத் தொடவில்லை.

அப்புறம் சீவல் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வாசல் வேம்பைப் போய்ப் பார்த்தேன். அம்மா துணி காயப்போடும் கம்பி. பாதிக்கு மேல் பட்டைக்குள் போய்விட்டது, மேல்பக்கம் உதடு மாதிரி தடித்திருக்கிறது. வெளியே தெரிந்த வரைக்கும் வெட்டி எடுத்தேன், மீதி வரவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதைத்தானே அன்றைக்கே சொன்னேன்" என்றார். அம்மாவுக்குத்தான் கோபம், துணி எங்கே காயப்போடுவது என்று. கொடியை ஒரு பக்கம் தென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.